மேல் தட்டு

மரக்காணம்
2024 டிசம்பர் 5, வியாழன்

பழைய அலமாரியைத் தெருவில் தூக்கிப் போட்டாயிற்று. அடிப்பலகையைக் கிள்ளினால் ஊறின தூளாகக் கையோடு வருகிறது. சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது சமையலறையில் முழங்கால் தண்ணீர். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழையாம். மேற்கே கொட்டுவது ஏரி ஏரியாக நிரம்பிக் கழுவெளி ஏரிக்குத்தான் வரும். கடல் கொந்தளிக்கிற நேரத்தில் அதை வாங்கிக்கொள்ளாது. உப்பளம் எது, தெரு எது என்று தெரியவில்லை.

அத்தையின் ஓட்டு வீடு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பித்தளை அண்டா, ஆட்டுக்கல், ஊறுகாய் ஜாடிகள், 25 கிலோ அரிசிச் சிப்பம், அரை மூட்டை கல்லுப்பு எல்லாம் சின்ன யானை வண்டியில் வந்து இறங்கின. அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" சுவரில் கறையைக் காட்டினேன். கையை வைத்துப் பார்த்தார்.

டிசம்பர் 6

குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறார்கள். டோக்கன் எப்போது என்பதுதான் தெருவில் பேச்சு.

டிசம்பர் 10

மகன் சென்னையிலிருந்து ஆன்லைனில் போட்ட அலமாரி வந்தது. ஆறடி உயரம், மூன்றடி அகலம் என்றான். வந்ததோ கக்கத்தில் இடுக்குகிற மாதிரி ஒரு தட்டையான அட்டைப்பெட்டி. உள்ளே 16 மில்லிமீட்டர் பலகைகள், ஒரு பை நிறையத் திருகு, வளைந்த சாவி ஒன்று, எழுத்தே இல்லாத படத்தாள். சாயங்காலத்துக்குள் நிமிர்த்திவிட்டேன். தொட்டால் ஆடுகிறது. தட்டுக்கு 20 கிலோ என்று ஸ்டிக்கர். அத்தையின் அரிசியே அதற்கு மேல்.

டிசம்பர் 12

மறுபடியும் மழை. அத்தை தூங்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

கனம் கீழே, லேசானது மேலே. வகுப்பில் நான் நடத்துகிற பாடம்தான்: ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் சாயாது. அரிசி டிரம்மைக் கீழ்த் தட்டில் வைக்கிறேன். காலையில் பார்த்தால் மேல் தட்டில் இருக்கிறது. இறக்குகிறேன். மறுநாளும் ஏறியிருக்கிறது. எழுபத்து நான்கு வயசு, இடுப்பு வலி, எப்படித் தூக்குகிறார்?

நேற்று ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். தூக்கவில்லை. காலி டிரம்மை மேலே வைத்துவிட்டு, முக்காலியில் ஏறி, ஆழாக்கு ஆழாக்காக அரிசியை மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் முக்காலியை விட்டு இறங்கி, மொண்டுகொண்டு மறுபடி ஏறுகிறார். விளக்குகூடப் போடவில்லை. என்னைப் பார்த்ததும், "எறும்பு வருதும்மா" என்றார்.

கோபம் வந்தது. முக்காலியில் கால் தவறினால்? அலமாரி முன்பக்கம் சாய்ந்தால்? ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்தேன்.

மேல் தட்டு நடுவில் மூன்று நூல் தொய்ந்திருக்கிறது. பாரத்தை இறக்கினாலும் பழைய நிலைக்கு வரவில்லை. மரத்தூள் பலகையின் குணம் இது. பாரம் கூடாவிட்டாலும், நாள்பட நாள்பட இறங்கிக்கொண்டே இருக்கும்.

டிசம்பர் 19

அலமாரியைச் சரிசெய்யக் கூப்பிட்ட ஆசாரி வரவில்லை. ஊரில் எல்லார் வீட்டுக் கதவும் உப்பிக் கிடக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆசாரி வந்தார். முதலில் அலமாரியைப் பார்க்கவே இல்லை. சுவரில் டிரில் போட்டார். செங்கல் தூள் உதிராமல் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. பிளக்கைச் செருகித் திருகினார். பிளக்கும் கூடவே சுற்றியது.

"இந்தச் சுவத்த நம்பாதீங்க டீச்சர். உப்புத் தண்ணி குடிச்சிருக்கு."

சரிதான். ஈரம் காயக் காய, உள்ளே போன உப்பு மேலே வந்து படிகமாகிப் பூச்சைப் பெயர்க்கும். கறைக்கு மேலேயும் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை பூத்திருக்கிறது.

அப்புறம்தான் அலமாரி. தட்டு ஒவ்வொன்றும் நான்கு சின்ன முளைகளில் நிற்கிறது. முதலில் அவற்றைப் பிடுங்கினார். பக்கப் பலகையில் ரீப்பர் அடித்து அதன்மேல் தட்டு உட்கார வேண்டுமாம். திருகு போடாமல், ஓட்டை போட்டு நட்டு போல்ட்டு. "திருகு தூளத்தான் புடிக்கும். போல்ட்டு பலகையப் புடிக்கும்." தட்டின் முன் விளிம்பில் இரண்டங்குல ரீப்பரை நிமிர்த்தி வைத்து, ஃபெவிகால் போட்டு முடுக்கச் சொன்னார். ஸ்கேலைப் படுக்கையாக வளைத்தால் வளையும், நிமிர்த்தி வைத்தால் வளையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பெஞ்சில் செய்து பார்ப்பார்கள்.

நடுவில் ஒரு நிற்கும் பலகை. தட்டு முழுக்கப் பாரம் பரவியிருந்தால், தாங்கலின் இடைவெளி பாதியாகும்போது தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். கணக்கைச் சொன்னேன். ஆசாரிக்கு அதில் அக்கறையில்லை. "தரையிலருந்து உச்சி வரைக்கும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு நிக்கணும். தள்ளி நின்னா கீழ்த் தட்டோட முதுகு போயிடும்."

பின்பக்கத்து அட்டையைக் கழற்றிவிட்டு 6 மில்லி பிளைவுட். அதைப் பொருத்துவதற்கு முன் மூலைக்கு மூலை நூல் பிடித்தார். இரண்டும் ஒரே நீளம் வரும்வரை உதைத்து உதைத்துச் சரிசெய்தார். ஆட்டம் அப்போதே நின்றது. வெட்டின ஓரங்களுக்கும் ஓட்டைகளுக்கும் பெயின்ட்; ஈரம் அந்த வழியாகத்தான் நுழையும்.

முடிக்கும்போது கேட்டேன்: "கனத்த சாமானெல்லாம் கீழதானே வைக்கணும்? அத்தைகிட்ட நீங்க சொல்லுங்களேன்."

அத்தை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆசாரி குரலைத் தாழ்த்தினார். "முன்னெல்லாம் நானே சொல்லுவேன் டீச்சர். இந்தப் புயலுக்கப்புறம் போற வீட்லல்லாம் மேல வைக்கத்தான் கேக்குறாங்க."

டிசம்பர் 23

உப்பு ஜாடிக்கு அடியில் தண்ணீர் வட்டம். சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கல்லுப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கு வெகு முன்பே அழத் தொடங்கிவிடும். ஜாடிக்குக் கீழே எவர்சில்வர் தாம்பாளம் வைத்தேன். உப்பை மட்டும் மேலே ஏற்ற அத்தை ஒப்பவில்லை. "அது தண்ணியிலருந்து வந்தது. அதுக்கென்ன?"

டிசம்பர் 29

நாள் முழுக்க எரிச்சல். காரணம் எழுதத் தோன்றவில்லை.

2025 ஜனவரி 5, ஞாயிறு

வேலை முடிந்தது. கால்களுக்கு அடியில் கடப்பா கல் துண்டுகளை அடுக்கி அரையடி உயர்த்தியிருக்கிறோம். பாரமெல்லாம் நடுப்பலகை வழியாகவும் பக்கப் பலகைகள் வழியாகவும் கல்லுக்கு இறங்குகிறது. சுவருக்கு ஒரே ஒரு வேலைதான்: முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது. அதையும் பூச்சில் அடிக்காமல், மேலே லிண்டல் கான்கிரீட்டில், எஸ்.எஸ். போல்ட்டில் இரும்புப் பட்டை கட்டி முடுக்கினார் ஆசாரி. சாதா போல்ட்டு இந்தக் காற்றில் துருப்பிடித்துவிடும்.

சோதனைக்கு நிறைந்த கேஸ் சிலிண்டரை மேல் தட்டில் ஏற்றினார். உள்ளே வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்தால் முப்பது கிலோவை நெருங்கும். ரசமட்டத்தில் குமிழி அசையவில்லை. அத்தை சிலிண்டரைப் பார்க்காமல் ஆசாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டேன். அலமாரி விலையைவிட இந்தச் செலவு அதிகம் என்று மகனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 12

பக்கத்து வீட்டு அக்கா உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டார். வெள்ளம் வரப்புகளைக் கரைத்துவிட்டதாம். பாத்தி மிதித்துத் தரை இறுகினால்தான் உப்பு வாரும்போது சேறு வராது. இந்த வருஷம் முதல் உப்பு எப்போது என்று கேட்டேன். "வெயிலக் கேளு" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

மேல் தட்டு: அரிசி, பருப்பு, ஊறுகாய் இரண்டு ஜாடி, அண்டா. அண்டாவுக்குள் பிளாஸ்டிக் உறையில் வீட்டுப் பத்திரம், என் சர்டிபிகேட்டுகள், குடும்ப அட்டை. இவற்றை நான்தான் வைத்தேன், அத்தையிடம் சொல்லவில்லை. கீழ்த் தட்டு இரண்டும் காலி.

தினம் சமைக்க அரிசி எடுக்க முக்காலி போதவில்லை, கைப்பிடி வைத்த ஏணி வேண்டும் என்கிறார் அத்தை. படி அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை. ஆசாரி தை கழியட்டும் என்கிறார்.