சேவல் ஆடித் தொடங்கும் கல்யாணக் கதை

லண்டன்



திரை எழுந்ததும் முதல் ஆட்டம் ஒரு சேவலுக்கும் நான்கு கோழிகளுக்கும். பண்ணை வீட்டு முற்றம், விடியற்காலை. தலை முதல் கால்வரை இறகு உடைக்குள் புகுந்த ஐந்து கலைஞர்கள் கழுத்தை வெட்டி வெட்டி நடக்கிறார்கள். சிறகை உதறுகிறார்கள். ஒரு காலைத் தூக்கி, எங்கே வைப்பது என்று யோசித்து, அப்படியே நிற்கிறார்கள். கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த யோசனை நன்றாகத் தெரியும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்கார்ந்திருக்கும் கோவன்ட் கார்டன் ராயல் ஒபேரா ஹவுஸ், பட்டும் தங்கப்பூச்சுமாய் மின்னும் அந்த அரங்கு, கோழி நடையைப் பார்த்துக் குலுங்கிச் சிரிக்கிறது.

பாலேயின் பெயர் 'லா ஃபீய் மால் கார்தே'. காவலுக்கு அடங்காத பெண்ணின் கதை. ஃப்ரெடரிக் ஆஷ்டன் அமைத்து, 1960 ஜனவரி 28 அன்று இதே கோவன்ட் கார்டன் மேடையில் அரங்கேறியது. பாலே என்றதும் வெள்ளை உடை அன்னங்கள், காதல் துரோகம், கடைசியில் ஒரு சாவு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். நானும் அவற்றைப் பார்த்து உருகியிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் எந்த பாலேயைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போகலாம் என்று தோன்றுகிறது என்று கேட்டால், சந்தேகமில்லாமல் இதைத்தான் சொல்வேன். அழவைக்கும் ஆட்டத்தில் கால் கொஞ்சம் தடுமாறினாலும் சோகம் அதை மூடிவிடும். சிரிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அரைத் தாளம் பிந்தினால் அது செத்துவிடும். அதனால் நகைச்சுவை பாலேதான் உடம்பிடம் அதிகம் கேட்கிறது என்பது என் கட்சி.

கதை சின்னது. கணவனை இழந்த பண்ணைக்காரி சிமோன். அவள் மகள் லீஸ் விரும்புவது கோலாஸ் என்ற இளம் விவசாயியை. அம்மா பேசி வைத்திருப்பதோ திராட்சைத் தோட்டப் பணக்காரர் தோமாவின் மகன் அலேனை. அலேன் வெள்ளந்தி. அவனுக்குக் கல்யாணத்தைவிடத் தன் சிவப்புக் குடைமேல்தான் பிரியம். அம்மா கதவைப் பூட்டுகிறாள், பெண் வழி கண்டுபிடிக்கிறாள். அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு வயது அதிகம். ழான் தோபெர்வால் என்ற பிரெஞ்சுக்காரர் இதை முதலில் போர்தோ நகரில் 1789 ஜூலை 1 அன்று மேடையேற்றினார். வைக்கோல் கிடக்கும் கொட்டடியில் கிழவி ஒரு பெண்ணைத் திட்ட, பின்னால் பையன் மாடிப்படியேறி ஓடுகிற பழைய அச்சுப்படம் ஒன்றுதான் கதைக்கு வித்து என்பார்கள். தேவதைகளும் கிரேக்கக் கடவுள்களும் ஆடிக்கொண்டிருந்த மேடையில் உழவர் குடும்பம் ஏறியது. இரண்டு வாரத்தில் பாரிஸில் பஸ்தீல் சிறை வீழ்ந்தது. ஆட்சிகள் எத்தனையோ மாறிவிட்டன. லீஸ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

ஆஷ்டன் செய்தது பழையதை மீட்டெடுத்த வேலை இல்லை. கதையை வைத்துக்கொண்டு அடவுகளைப் புதிதாக அமைத்தார். இசையமைப்பாளர் எரோல்ட் 1828-இல் இந்தக் கதைக்கு அமைத்த இசையை ஜான் லான்ச்பெரி ஆஷ்டனுக்காகத் திருத்திச் சேர்த்துக் கொடுத்தார். திரைச்சீலைகளையும் உடைகளையும் வரைந்தவர் ஆஸ்பர்ட் லங்காஸ்டர். நாளிதழில் கேலிச்சித்திரம் போட்டுப் புகழ்பெற்றவர். மேடை முழுக்கக் கேலிச்சித்திரக்காரரின் கோடு இருக்கிறது. விளைந்த கோதுமையின் மஞ்சளும் இருக்கிறது.

நாடாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த பாலேயைப் பற்றிப் பேச முடியாது. இளஞ்சிவப்புப் பட்டு நாடா. முதல் காட்சியில் லீஸ் அதை முடிச்சாகக் கட்டிக் காதலனுக்கு அடையாளமாக விட்டுப் போகிறாள், அவன் வந்து எடுத்துக்கொள்கிறான். பிறகு இருவரும் சேர்ந்து ஆடும்போது அதே நாடா கடிவாளமாகிறது. அவன் குதிரை, அவள் ஓட்டுகிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருவர் உடலையும் அது சுற்றி வளைத்து, நடுவில் பின்னலாக நிற்கிறது. குழந்தைகள் விரல்களுக்கிடையே நூல் கோத்து விளையாடுவார்களே, அதையே முழு உடலால் செய்கிறார்கள். எங்கே தொடங்கியது, எப்படி இந்தப் பின்னல் விழுந்தது என்று கண் தேடுவதற்குள் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடுகிறது. முன்வரிசையில் யாரோ "அய்யோ" என்று சொல்வதுபோல் மூச்சு விட்டார்கள்.

அறுவடை வயல் காட்சியில் அந்த விளையாட்டு பெரிதாகிறது. எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு நாடா நுனியைப் பிடித்து வட்டமாக நிற்கிறார்கள். மறு நுனிகளெல்லாம் நடுவில் நிற்கும் லீஸின் ஒரு கையில். அவள் ஒற்றைக் கால் நுனியில் எழும்பி, மற்றக் காலைப் பின்னால் வளைத்து உயர்த்தி, கொத்தாகப் பிடித்த நாடாக்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறாள். பெண்கள் சுற்றி நடக்க நடக்க, அவளும் அச்சாணியாய் மெதுவாகச் சுழல்கிறாள். தாங்கிப் பிடிக்க ஆண் கை இல்லை. எட்டு நாடாக்களின் இறுக்கம் மட்டுமே அவளுக்குப் பிடி. ஒருத்தி ஓரடி முந்தினால் நாடா தொய்யும், பிந்தினால் இழுக்கும். அந்தச் சுற்று முடியும்வரை அரங்கில் ஒருவரும் இருமவில்லை. முடிந்ததும் எழுந்த கைதட்டலில் நிம்மதியும் கலந்திருந்தது.

பதிவு செய்த படத்தில் இந்தப் படபடப்பு கிடைக்காது. மரியானெலா நூன்யேஸும் கார்லோஸ் அகோஸ்டாவும் ஆடி 2005-இல் எடுத்த பதிவு ஒன்று உண்டு. அருமையான ஆட்டம், தேடிப் பாருங்கள். ஆனால் படத்தில் அந்தச் சுற்று ஏற்கெனவே வெற்றியாக முடிந்துவிட்ட ஒன்று. நேரில் உட்கார்ந்திருக்கும்போது அது இன்னும் முடியவில்லை. வயலுக்குப் போகும் வண்டியை இழுக்க நிஜமான மட்டக்குதிரை ஒன்று மேடைக்கு வருகிறது, அதற்கு ஒத்திகை எவ்வளவு நினைவிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? குட்டைக் கால்களும் தொங்கும் பிடரியுமாய் அது வந்து நின்றதும் காதலர்களை யாரும் பார்ப்பதில்லை.

இந்த முறை என்னோடு பெரியம்மாவும் வந்திருந்தார். மகளைப் பார்க்க லண்டன் வந்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சொந்த ஊர் மெலட்டூருக்குப் பக்கம். பாலே பார்ப்பது வாழ்க்கையில் முதல் தடவை. கதைச் சுருக்கம் சொல்லட்டுமா என்றேன். "நீ சும்மா இரு, பார்த்துக்கறேன்" என்றார்.

சிமோன் வெளியே வந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் கோலாஸ்மேல் வீசியெறியத் தொடங்கியதும் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏண்டா, இந்தம்மா ஆம்பளைதானே?"

"ஆமா பெரியம்மா."

"அதானே பார்த்தேன். ஆனா அந்தக் கோபம் இருக்கு பார், அது அசல் அம்மாக் கோபம்டா."

மெலட்டூரில் ஆண்கள் பெண் வேடம் கட்டும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவருக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. இங்கேயும் அது நீண்ட மரபு. கிறிஸ்துமஸ் காலத்துப் பாண்டமைம் நாடகங்களில் ஆண் ஒருவர் பாவாடை கட்டிக் கிழவியாக வருவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். ஆஷ்டனே 1948-இல் தாம் அமைத்த 'சின்ரெல்லா'வில் பொல்லாத அக்காக்களில் ஒருத்தியாக ஆடியவர்தான். சிமோன் கட்டைச் செருப்பு மாட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் அந்த மரபின் உச்சம். லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மரக்கட்டை அடி வைத்த செருப்புடன் தட்டி ஆடிய ஆட்டத்திலிருந்து எடுத்தது. பெண்கள் செருப்பை நீட்டுகிறார்கள். அவள் வெட்கப்பட்டு மறுக்கிறாள், பிறகு தவிர்க்கவே முடியாமல் மாட்டிக்கொள்கிறாள். டக் டக் என்று தொடங்கும் தாளம் நான்கு பெண்கள் சேர்ந்ததும் மேடையை அதிரவைக்கிறது. அவர்கள் அந்தக் கட்டைச் செருப்பின் முனையிலேயே எழும்பி நிற்கும்போது, இதுவரை கதாநாயகி பட்டுச் செருப்பில் செய்த அத்தனையும் நினைவுக்கு வந்து சிரிப்பு பொங்குகிறது. கேலிதான், ஆனால் துல்லியமான கேலி. நன்றாக ஆடத் தெரியாதவரால் அந்தக் கேலியைச் செய்ய முடியாது.

இரண்டாம் பாகத்தில் பெரியம்மா என்னை முற்றிலும் மறந்துவிட்டார். லீஸை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அம்மா வெளியே போகிறாள். தனியாக இருப்பதாக நினைத்து லீஸ் கனவு காண்கிறாள், கைகளாலும் முகத்தாலும் மட்டும். கல்யாண உடை இப்படி இருக்கும். வயிறு இப்படி வளரும். இந்த உயரத்தில் ஒரு பிள்ளை, அதைவிடக் குட்டையாக இன்னொன்று. ஒன்றுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள், ஒன்றைக் கண்டிக்கிறாள், கைக்குழந்தையைத் தாலாட்டுகிறாள். அதே நொடியில் மூலையில் குவித்த கதிர்க்கட்டுகள் வெடித்துச் சிதற, உள்ளேயிருந்து கோலாஸ் எழுகிறான். அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்! அவள் முகத்தை மூடிக்கொள்கிறாள். அரங்கு முழுக்கச் சிரித்தது. பெரியம்மா மட்டும் "பாவம்டா பொண்ணு" என்றார், அவரும் சிரித்துக்கொண்டேதான்.

அந்த அபிநயத்தை ஆஷ்டனுக்குக் கற்றுக் கொடுத்தவர் தமாரா கர்சாவினா. ரஷ்யாவில் லீஸாக ஆடியவர், பிற்காலத்தில் லண்டனில் வாழ்ந்தார். கையிலிருந்து கைக்கு, முகத்திலிருந்து முகத்துக்கு வந்த பாடம். பெரியம்மாவுக்கு விளக்கம் தேவைப்படாததற்குக் காரணமும் இதுதான். அபிநயம் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல ஆசை. ஆஷ்டன் பிறந்தது 1904-இல், ஈக்வடார் நாட்டில். பெரு நாட்டின் லிமா நகரில் சிறுவனாக இருந்தபோது, 1917-இல், ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா ஆடியதைப் பார்த்தார். அன்றோடு அவர் வாழ்க்கையின் திசை முடிவாகிவிட்டது. அதே 1904-இல் மதுரையில் பிறந்தவர் ருக்மிணி தேவி. அவரும் பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கினார், ஆஸ்திரேலியா போன கப்பலில் அவரோடு பழகினார், பாலே கற்கத் தொடங்கினார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று ருக்மிணி தேவியைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான். ருக்மிணி தேவியின் நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா அதற்குப் பின் வந்தது. ஒரே பெண்ணின் ஆட்டம் லிமாவில் ஒரு பையனையும் மதுரையில் பிறந்த ஒரு பெண்ணையும் தொட்டிருக்கிறது. கோவன்ட் கார்டனில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்குச் சரித்திரத் தகவலாகத் தோன்றவில்லை, வீட்டுச் செய்தியாகத் தோன்றியது.

கடைசியாக அலேன். இந்த பாலேயை நான் இவ்வளவு மதிப்பதற்கு அவனே காரணம். அசட்டு மாப்பிள்ளையை வைத்துச் சிரிக்கவைப்பது எல்லா நாட்டிலும் எளிதான வழி. அவனை உதைப்பார்கள், விழவைப்பார்கள், நாம் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். ஆஷ்டன் அலேனுக்கு அசட்டுத்தனத்தோடு ஒரு உலகத்தையும் கொடுத்தார். குடையைக் கால்களுக்கிடையே வைத்துக் குதிரையாக ஓட்டும்போது அவன் முகத்தில் இருக்கும் சந்தோஷம் காதலர்கள் முகத்தில் இருப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை. இடியும் மழையுமாய் முதல் பாகம் முடியும்போது காற்று அவனைக் குடையோடு வானத்துக்கே தூக்கிப் போகிறது. அதைப் பார்த்துச் சிரிக்கும்போது அவன்மேல் கொஞ்சம் பொறாமையும் வருகிறது. கல்யாணப் பத்திரம் தயாராகி, அவன் கையில் அறைச் சாவியும் வந்து, கதவைத் திறந்தால் உள்ளே லீஸும் கோலாஸும் நிற்கிறார்கள். அந்த அவமானத்தை மேடை மறைப்பதில்லை. ஒரு கணம் சிரிப்பு அடங்குகிறது.

முதன்முதலில் அலேனாக ஆடியவர் நியூசிலாந்தில் பிறந்த அலெக்சாண்டர் கிராண்ட். ஆஷ்டன் 1988-இல் இறந்தபோது, இந்த பாலேயின் உரிமையை உயிலில் அவருக்கே எழுதி வைத்திருந்தார். கதாநாயகியாக ஆடிய நாடியா நெரினாவும் நாயகன் டேவிட் பிளேரும் எவ்வளவோ புகழ்பெற்றவர்கள். ஆனாலும் சொத்து வெள்ளந்தியாக ஆடியவருக்குப் போனது. அதற்கு மேல் அலேனைப் பற்றி ஆஷ்டன் என்ன நினைத்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

லண்டன் வருகிறவர்கள் இது நடக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பர்மிங்ஹாம் ராயல் பாலேயும் இதை ஆடுவதுண்டு. விலை உயர்ந்த இருக்கை தேவையில்லை. நாடாக்கள் வரையும் கோலம் மேல் மாடியிலிருந்துதான் முழுசாகத் தெரியும். முக பாவனைக்கு ஒரு சின்ன பைனாகுலர் போதும். குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். அம்மா தூங்கி வழிவதும், லீஸ் அவள் பையிலிருந்து சாவியை எடுக்கக் கை நீட்டுவதும், அம்மா திடுக்கிட்டு விழிப்பதும் வரும்போது அவர்கள் சத்தம் போட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள். அன்று ஒரு பையன் "எழுந்துட்டாங்க!" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் கத்தினான். அதற்கும் சேர்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மா மனம் இளகி, ஆசீர்வாதம் கிடைத்து, ஊரே கொண்டாட்டமாக மேடையை விட்டு வெளியேறியதும், முடிந்தது என்று கோட்டைத் தேடி எழுந்துவிடாதீர்கள். காலி வீட்டுக்குள் அலேன் திரும்பி வருவான். கல்யாணம் போனால் போகிறது, குடையை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் லண்டன் நண்பன்