தரையில் போன படகு

படகுக்கு ஆபத்து கடலில்தான் என்று நினைக்கிறீர்களா, சகோதரிகளே? தரையில் போகும்போது அதைப் பார்க்க வேண்டும்!

தண்ணீர் படகின் வயிறு முழுவதையும் ஏந்திக்கொள்ளும். லாரியோ நாலைந்து இடங்களில்தான் தாங்கும். பள்ளத்துக்குப் பள்ளம் அந்த இடங்களிலேயே இடிக்கும். ஃபைபரில் விரிசல் விழ வேறென்ன வேண்டும்?

சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள கிள்ளைக்குப் போகவேண்டிய ஒரு புதுப் படகைக் கடலூர் முதுநகரில் லாரியில் ஏற்றக் கண்டேன். "கடல் வழியாகவே கொண்டுபோகலாமே?" என்று கேட்டேன்.

"வளையலை வச்சுப் படகு வாங்கினோம். எஞ்சினுக்கு வைக்க ஒண்ணுமில்லையே, அம்மா!" என்றாள் படகுக்காரரின் மனைவி.

ஏரா என்கிற அடிக்கட்டையின் கீழே பழைய டயர்களைப் பரப்பினார்கள். சாயாதிருக்க இரு பக்கமும் மணல் மூட்டைகள். கயிறு உரசும் விளிம்பிலெல்லாம் கோணி. (நம் வீட்டுக் கண்ணாடி பீரோவை யாராவது இவ்வளவு அக்கறையாக ஏற்றியதுண்டா?) படகின் அடித்துளையிலிருந்த தக்கையை அவளே பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வழியில் மழை பிடித்தால் படகு தொட்டியாகிவிடும். தேங்கிய தண்ணீரின் பாரமே அதைப் பிளந்துவிடுமாம். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பாகத்தில் சிவப்புத் துணி கட்டியானதும், டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

2018 ஆகஸ்டில் கேரள மீனவர்கள் வெள்ளத்தில் தவித்தவர்களை மீட்கப் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்களே, அவர்களுக்கு டயர் தேட நேரம் ஏது? சேதத்தோடு திரும்பிய படகுகள் பல.

சிதம்பரம் சாலையில் படகு சுமந்து ஊர்ந்து செல்லும் லாரியைக் கண்டால், ஹாரன் அடித்து விரட்ட வேண்டாமென்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள்.