அம்மாவின் கணக்கு நோட்டு

புயலுக்கு முன் எதை முதலில் காப்பாற்றுவது? படகுக்காரர் படகை என்பார். என் தாயார் ஒரு பழைய கணக்கு நோட்டைத்தான் எடுத்தார்.

குளச்சலை அடுத்த கரையில் அவருக்குச் சிறு கருவாட்டு வியாபாரம். நெத்திலியை மணலில் காயவைத்தும் சாளையை உப்பிட்டும் திங்கள்சந்தைக்குக் கொண்டுபோவார். ஓர் ஓலைச் சாய்ப்பும் சில உப்பு மூட்டைகளுமே முதல். மீன் பெரும்பாலும் கடனுக்குத்தான். விற்ற பிறகே வள்ளக்காரர்களுக்குப் பணம்.

2017 நவம்பர் 29-ஆம் நாள் இலங்கையின் தென்கிழக்கே உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் ‘ஒக்கி’ப் புயலாயிற்று. ஆயத்தம் செய்ய அவகாசம் ஏது? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களோ பல நாள்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தனர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. காற்று சாய்ப்பைப் பிய்த்தபோது, அம்மா நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மாவு டின்னுக்குள் வைத்து மூடினார். உப்பு கரைந்தது, கருவாடு அழுகியது. பின்னர் சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவரிடம் காட்ட, அவரிடம் ஒரு சீட்டும் இல்லை.

“அதுல நாம குடுக்க வேண்டிய கடன்தானே இருக்கு? நனைஞ்சா நமக்கு லாபம்லா?” என்று கேட்டேன். வெட்கப்படவேண்டிய கேள்விதான். மீன் தந்தவர்களில் இருவர் திரும்பவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

“தந்தவன் வரல்லேன்னாலும் அவன் பிள்ளைய இருக்குல்லா மக்களே” என்றார்.

இப்போது உப்பு மூட்டைகள் பலகைமேல் ஏறிவிட்டன. எச்சரிக்கை வந்தால் சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார். புயல் வராவிட்டால் அன்றைய நஷ்டம் அவருடையதே. எச்சரிக்கையை நம்புவதற்கும் முதல் வேண்டும் என்பது படித்தவர்கள் பலருக்குப் புரிவதில்லை.

2024 மே மாதத் தொடக்கத்தில் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கையைக் கைப்பேசியில் படித்தேன். வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. அதனால் இங்கே காற்றும் இராது, மேகமும் இராது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் இதை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. வெயில் காய்கிற நாளில் மூட்டை தூக்கிய எங்களைப் பார்த்துப் பக்கத்துச் சாய்ப்புக்காரர் சிரித்தார். மறுநாள் தண்ணீர் பலகைக் கால்வரை வந்து திரும்பியது. அதன் பிறகு அவரும் என்னிடம், “தம்பி, கடல் எப்படியாம்?” என்று விசாரிக்கிறார்!

நோட்டுக்கு நான் ஒரு நகல் எழுதி, தக்கலையிலுள்ள அத்தை வீட்டில் வைத்திருக்கிறேன். அந்த இருவரில் ஒருவர் கணக்கு தீர்ந்தது. மற்றவர் பெயருக்கு எதிரே 450 ரூபாய் நிற்கிறது. அம்மா கொண்டுபோகும்போதெல்லாம் அவர் மனைவி, “அது அங்ஙனயே கிடக்கட்டும்” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.