கறுப்பு வயர் முதலில்

என் தங்கையின் கணவர், எனக்கு மச்சான், டயர் பற்றரி வேலை செய்கிறவர். கடை என்று அவருக்கு ஒன்றில்லை. பழைய முச்சக்கர வண்டி ஒன்றின் பின் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சின்னக் கம்பிரஸர், இரண்டு ஜாக்கி, லீவர்கள், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், சார்ஜ் ஏற்றிய பற்றரி ஒன்று என்று அடுக்கி வைத்திருக்கிறார். தொலைபேசி வந்தால் புறப்பட வேண்டியதுதான். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என்று சுற்றி வந்து, பொத்துவிலில் வடக்கே திரும்பி மட்டக்களப்புக்குப் போகிறதே ஏ4 வீதி, அதில் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட துண்டுதான் அவருடைய கடை. ஊரார் காக்கா என்பார்கள். திருக்கோவில் பக்கத்து வேன்காரர்கள் அண்ணன் என்பார்கள். அறுகம்பைக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றிவரும் சிங்களச் சாரதிகளுக்கு அவர் நானா.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாத நாட்களில் நானும் அவரோடு தொற்றிக்கொள்வதுண்டு. அப்படிப் போய்ப் பார்த்ததில் எனக்கு விளங்கியது ஒன்று. கோமாரி தாண்டி, வெறும் வெளியில், இரவு எட்டு மணிக்கு வாகனம் நின்றுவிட்டவன் ஒரு கைதி மாதிரி. பேரம் பேச அவனிடம் எதுவும் இல்லை. 'பற்றரி முடிஞ்சி' என்று சொன்னால் நம்புவான். சொன்ன விலையைக் கொடுப்பான்.

ஆனால் பாதி நேரம் பற்றரி முடிந்திருப்பதில்லை. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய் இருக்கும். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து இறுக்கிவிட்டால் ஸ்டார்ட் ஆகும். மச்சானிடம் ஒரு சின்ன மீற்றர் இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ற் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே என்றால் வெறுமை. ஸ்டார்ட் அடிக்கும்போது ஒன்பதுக்குக் கீழே விழுந்தால் அதற்கு வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 14க்குக் கிட்ட வரவேண்டும். வராவிட்டால் பிழை அல்டனேற்றரில். புதுப் பற்றரி போட்டாலும் இரண்டு நாளில் அதுவும் படுத்துவிடும். இதைப் பார்க்காமல் பற்றரி விற்கிறவன் கள்ளன் என்பது மச்சானின் தீர்ப்பு. எனக்கென்னவோ, அவர்களில் பாதிப்பேர் கள்ளர்கள் இல்லை, தெரியாதவர்கள் என்றுதான் படுகிறது.

கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், பூட்டும்போது கறுப்பு வயர் கடைசியில். ஸ்பெனர் தவறி வாகனத்தின் உடம்பில் பட்டால் நெருப்புப் பறக்காமல் இருக்க அதுதான் வழி. இதைத் தனது மகளுக்குக் கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் என்று தங்கை கேட்டால் சிரிப்பார்.

2022 ஜூன், ஜூலையில் அவருக்கு வந்த வேலை முன்னொருபோதும் வந்ததில்லை. எண்ணெய் வரிசையில் நாட்கணக்கில் நின்ற வாகனங்களில் சாரதிகள் படுத்துறங்கினார்கள், தொலைபேசிக்குச் சார்ஜ் போட்டார்கள், வானொலி கேட்டார்கள். கடைசியில் பவுசர் வந்த நேரம் பற்றரி இறந்து கிடந்தது. ஹைபிரிட் கார்க்காரர்கள்தான் அதிகம் திகைத்தார்கள். இவ்வளவு பெரிய பற்றரி உள்ள காருக்கா இந்தக் கதி என்று. அந்தப் பெரிய பற்றரியை எழுப்பவே ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ற் பற்றரி வேண்டும், பல கார்களில் அது பின்பக்கம் ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. மச்சானின் வண்டிக்கும் பெற்றோல் இல்லை. சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிக்கொண்டு வரிசை நெடுக மிதித்தார்.

ரூபாய் விழுந்த பிறகு டயர் விலை ஏழைச் சாரதிக்கு எட்டாமல் போனது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. அதுவரை இருந்த வாகனத்தையே இழுத்துப் பிடித்து ஓட வேண்டியிருந்தது. ரீபில்ட் டயர், கழித்த டயர் எல்லாவற்றுக்கும் கிராக்கி.

2023இல் ஒரு நாள், எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றும் வேன்காரர் இரண்டு டயர்களோடு மச்சானின் வாசலுக்கு வந்தார். எங்கேயோ மலிவாக வாங்கியது. முன்னுக்குப் போட வேண்டும். பூ நல்ல தடிப்பு. பார்த்தால் புது டயர் போல. மச்சான் டோர்ச் அடித்துப் பக்கச்சுவரில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: 2309. அதாவது 2009ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் கிழமையில் செய்தது. பதினாலு வருடம். விரலால் அழுத்தியதும் றப்பரில் மயிர் மயிராய் வெடிப்புத் தெரிந்தது.

"இத பூட்ட ஏலா தம்பி."

"நீங்க பூட்டாட்டி வேற ஆள் பூட்டுவான் காக்கா."

"பூட்டட்டும். என்ட கையால ஏலா."

"புதுசு வாங்கக் காசி இருந்தா நான் ஏன் உங்கள்ட்ட வாறன்?"

அந்தக் கேள்விக்கு மச்சானிடம் பதில் இல்லை. வேன்காரருக்கு நாலு பிள்ளைகள். போன பற்றரியின் கடனே கொப்பியில் பாதி கிடந்தது. டயர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரவு மச்சான் சாப்பிடவில்லை. அந்த வேனில்தான் அவருடைய மகளும் போகிறாள். மகளை மட்டும் நிற்பாட்டினால் மற்ற வீட்டுப் பிள்ளைகள்? மற்ற வீடுகளுக்குச் சொன்னால் அந்த மனிசனின் பிழைப்பு என்ன ஆகும்? தங்கை ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். இரண்டையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வேன்காரர் வீட்டுக்குப் போனார். விற்பதற்கென்று வைத்திருந்த, மூன்று வருடம் மட்டுமே ஆன பாவித்த டயர் இரண்டை முன்னுக்குப் பூட்டிவிட்டு வந்தார். வேன்காரர் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஒன்றும் கதைக்கவில்லையாம்.

கடனில் பாதி வந்தது. மிச்சம் இன்னும் கொப்பியில் இருக்கிறது. பிறகு பற்றரி மாற்ற வேண்டி வந்தபோது வேன்காரர் மச்சானைக் கூப்பிடவில்லை. வேறு ஆளிடம் போனார். கடனா, வெட்கமா, கோபமா என்று நான் மச்சானிடம் கேட்டதில்லை.

வேன் இப்போதும் காலை ஆறே முக்காலுக்கு வந்து ஹோர்ன் அடிக்கிறது. மகள் ஏறிக் கை காட்டுகிறாள். மச்சான் கேற்றடியில் குனிந்து, முன் சில்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.