பரங்கிக்காய்க் கேக்கும் ஒரு பிறந்தநாளும்

தலைநகரில் குடியேறிய தமிழர் இல்லங்களில் இரண்டு மாவுப் பாத்திரங்கள் உண்டு. ஒன்றில் அரிசி மாவு. மற்றொன்றில் கோதுமை மாவு. காலையில் இட்டிலியும் இரவில் சப்பாத்தியும் உண்டு வளரும் நம் பிள்ளைகள் இரு நிலங்களுக்கும் உரியவர்கள். புது மண்ணோடு நாம் உறவு கொண்டாடுவது முதலில் நாவின் வழியாகவே அன்றோ? அவ்வுறவை ஒரு மருத்துவச் சீட்டு அறுத்துவிடக்கூடும் என்பதை என் மகளின் எட்டாம் வயதில் அறிந்தேன்.

வயதுக்கேற்ற உயரம் அவளுக்கில்லை. முகம் வெளிறியிருந்தது. ஓராண்டு இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் இரத்தசோகை தீரவில்லை. இரத்தச் சோதனையும், பின்னர் சிறுகுடலிலிருந்து எடுத்த திசுவின் சோதனையும் அது 'சீலியாக்' நோய் என்று காட்டின. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உள்ளது. அதனைப் பகையெனக் கருதும் உடல், அதை எதிர்க்கப் புகுந்து தன் சிறுகுடலின் உறிஞ்சிகளையே சிதைத்துக்கொள்கிறது. வாழ்நாள் முழுதும் அப்புரதத்தை விலக்குவதே இதற்கு மருத்துவம்.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். முன்பே கோதுமையின்மீது ஐயம் கொண்டிருந்த அவருக்கு, 1944-45இல் நெதர்லாந்தை வாட்டிய பஞ்சக் குளிர்காலம் சான்றாயிற்று. ரொட்டி அரிதான நாட்களில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர்; ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பிற்று. 1950இல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். ஊரெல்லாம் பசித்திருந்த காலத்தில் சில குழந்தைகள் மட்டும் உடல் தேறிய விந்தையை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

"நம்ம ஊர்லயே இருந்திருந்தா குழந்தைக்கு இது வந்திருக்குமாடா?" என்று என் தாயார் ஒருநாள் கேட்டார். 2016இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னர் படித்தேன். வட இந்தியாவில் ஆய்வுக்குட்பட்டோரில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர். நோய்க்கு இடம் தரும் மரபுக்கூறு இரு பகுதி மக்களிடமும் ஏறக்குறைய ஒத்தே இருந்தது. உண்ணும் கோதுமையின் அளவே வேறுபட்டது. அன்னையின் கேள்வியில் நியாயம் இருந்தது. பிழைப்புக்காக நான் தேர்ந்த ஊரின் உணவு என் மகளின் குடலுக்கு ஒவ்வாததாயிற்று. அவருக்கு நான் விடை கூறவில்லை; அடுக்களையைச் சீரமைக்கத் தொடங்கினேன்.

அலுவலகக் கோப்புகளின் அடிக்குறிப்புகளையெல்லாம் படித்துப் பழகிய கண்கள் பொட்டலங்களின் பொடியெழுத்தைப் படிக்கலாயின. ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருந்தாலன்றி 'குளூட்டன் அற்றது' என்று அச்சிடலாகாது என்பது நம் நாட்டு விதி. ரவையும் மைதாவும் வீட்டைவிட்டுப் போயின. நம்மவர் பலரும் அறியாத எதிரி ஒன்று அஞ்சறைப் பெட்டியருகே இருந்தது: பெருங்காயத்தூள்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். கோதுமை அரைக்கும் எந்திரத்திலேயே அரிசியையும் அரைப்பதால் மாவு மில்லும் ஆகாது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டிலேயே அரைத்துப் புதுச் சல்லடையில் சலித்தோம்.

வீட்டில் வென்றோம், வெளியில் அது எளிதாக இல்லை. பள்ளியில் மாதந்தோறும் எவருக்கேனும் பிறந்தநாள். தனக்குக் கிடைத்த கேக் துண்டைத் தாளில் மடித்துத் தம்பிக்குக் கொண்டுவந்து தருவாள். அவள் ஒருநாளும் முறையிட்டதில்லை; அதுவே என்னை வருத்திற்று. பத்தாம் பிறந்தநாள் நெருங்கியபோது ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா, எனக்குன்னு தனியா ஒண்ணு வேண்டாம். எல்லாரும் சாப்பிடுற கேக்கையே நானும் சாப்பிடணும்."

எனவே அனைவருக்கும் சுவைக்கும் கேக் வேண்டியிருந்தது. சாதாரணக் கேக்கில் மாவைப் பிணைத்து நிறுத்துவதில் குளூட்டனுக்குப் பங்குண்டு. ஷிஃபான் கேக்கோ அடித்து நுரைத்த முட்டை வெண்கருவின் வலிமையால் எழுவது. அதைக் கண்டறிந்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழ்ந்த ஹாரி பேக்கர் என்னும் காப்பீட்டு முகவர். 1927இல், வெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெய் சேர்த்து அதைச் செய்தார். இருபதாண்டுகள் மறைத்து வைத்திருந்த அந்தச் செய்முறையை 1947இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அடுமனைத் தொழிலாளரல்லாத ஒருவர் கண்ட பண்டம் என்பதே எழுத்தனாகிய எனக்குத் துணிவளித்தது.

அரிசிமாவுக் கேக் விரைவில் உலர்ந்து உதிரும். ஈரம் காக்கப் பரங்கிக்காயை நாடினேன். தில்லிக் காய்கறிக்காரர் அதனைச் 'சீதாபல்' என்பார். சீதாப்பழம் கேட்டுப் பரங்கிக்கீற்றோடு திரும்பிய தமிழர் நம்மில் எத்தனையோ பேர்!

பரங்கியை ஆவியில் வேகவைத்து, நீர் வடித்து மசித்தது 150 கிராம். அரிசி மாவு 120 கிராம், மக்காச்சோள ஸ்டார்ச் 30 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சிறிது உப்பு, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காயும் கிராம்பும் ஒவ்வொரு சிட்டிகை ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்ள வேண்டும். ஐந்து முட்டையின் மஞ்சள் கருக்களுடன் 100 கிராம் சர்க்கரை, 80 மில்லி எண்ணெய், பரங்கி விழுது, மாவு யாவும் கலக்க வேண்டும். எண்ணெய்ப் பசை சிறிதுமற்ற பாத்திரத்தில் வெண்கருக்களைச் சில துளி எலுமிச்சைச் சாற்றோடு அடித்து, எஞ்சிய 50 கிராம் சர்க்கரையைச் சிறிது சிறிதாகத் தூவ, நுரை நிமிர்ந்து நிற்கும். அதை மும்முறையாக, நுரை அடங்காமல் மாவில் மடித்துச் சேர்க்க வேண்டும். நடுவில் குழலுள்ள அச்சில் ஊற்றி, 160 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 50 நிமிடம் சுட வேண்டும். அச்சில் எண்ணெய் தடவலாகாது. மாவு சுவரைப் பற்றிக்கொண்டுதான் ஏறும். சுட்டபின் அச்சைத் தலைகீழாக ஒரு புட்டியின்மேல் கவிழ்த்து, முழுதும் ஆறும்வரை விட வேண்டும். இல்லையேல் கேக் தன் எடையாலேயே அமிழ்ந்துவிடும்.

கவிழ்ந்து நின்ற அச்சைக் கண்டு என் தாயார், "இது கீழே விழாதாடா?" என்று அருகிலேயே காவல் இருந்தார். விழவில்லை.

மாலையில் அண்டைவீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தனர். மகள் தானே வெட்டித் தன் கையால் ஒவ்வொருவருக்கும் வழங்கினாள். பரங்கிக்காய் என்று எவரும் கண்டுகொள்ளவில்லை. இருவர் மறுபடியும் கேட்டனர். தனக்குரிய துண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவே தரையில் அமர்ந்து உண்டாள். அன்று தாளில் மடிக்க எதுவும் மிஞ்சவில்லை.

வளர்ச்சி குன்றியும் இரத்தசோகை தீராமலும் பிள்ளைகள் இருப்பின் மருத்துவரிடம் இந்நோய் பற்றிக் கேளுங்கள். சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சோதனை உண்மையைக் காட்டாமல் போகலாம். உடன்பிறந்தாரையும் சோதிப்பது நன்று. நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம்: வரும் பொங்கல் விருந்தில் கோதுமையும் கூட்டுப் பெருங்காயமும் கலவாத பண்டங்களுக்கெனத் தனிக் கரண்டிகளோடு ஒரு மேசை அமைய வேண்டும். அதில் வைக்கப் பரங்கிக்காய்க் கேக் செய்து தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.