வைகை அணைக்கு அப்பத்தாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

"அணைக்குப் போவோமா அப்பத்தா?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும். "நீங்க போயிட்டு வாங்க. நான் பாக்காத அணையா?"

ஆண்டிபட்டியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வைகை அணை ஏழு கிலோமீட்டர். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் மறுநாள் காலை அவர்களை அணைக்குக் கூட்டிப் போவது எங்கள் வீட்டு வழக்கம். புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பத்தாவின் கைப்பக்குவம். தூக்குவாளியில் போட்டு, மேலே வாழை இலை வைத்து மூடிக் கொடுப்பார். ஆனால் கூட வரமாட்டார். 'வயசாச்சு, அலைச்சல் ஒத்துக்காது' என்றுதான் நான் சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன முறை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அண்ணன் மகன் அந்த வழக்கத்தை உடைத்துவிட்டான். அவனுக்கு ஆறு வயது. "அப்பத்தா வந்தாத்தான் நானும் வருவேன்" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, அப்பத்தா உள்ளே போய் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஆச்சர்யம்.

மீம்ஸில் பார்த்த அணை

என் வயதுக்காரர்களிடம் வைகை அணை என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பதற்காக அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்ததும் அவர்களுக்கு நினைவுக்கு வரும். அந்த மீம்ஸ் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஐந்து மாவட்டங்களுக்கு இந்த அணை சிரிப்பு விஷயம் இல்லை. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் 'வைகை அணை எத்தனை அடி?' என்பது தினமும் காலையில் டீக்கடையில் கேட்கப்படும் கேள்வி. அணையின் உயரம் 111 அடி. தண்ணீர் தேக்கும் அளவு 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மதுரை நகரத்தின் குடிதண்ணீருக்கும் இந்த அணைதான் பெரிய ஆதாரம்.

காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1959 ஜனவரி 21 அன்று அணை திறக்கப்பட்டது. அதன் அடிவாரத்தில் ஆற்றின் இரண்டு கரைகளிலும் பூங்கா. தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களின் பழைய ஆல்பத்தில் இந்தப் பூங்காவில் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். எங்கள் ஆல்பத்திலும் இருக்கிறது. அப்பா பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்தபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அரைக்கால் சட்டையில் நாற்பது பையன்கள், அவர்களுக்குப் பின்னால் உயரமாக அணைச் சுவர்.

அப்பாவின் பூங்கா, அண்ணன் மகனின் பூங்கா

நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனதும், பையன் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டான். ஊஞ்சல், சறுக்கு, சீசா, குட்டி ரயில் பாதை என்று எல்லாமே பழைய காலத்துப் பூங்காவில் இருப்பவைதான். பெரிய நகரத்துத் தீம் பார்க்கைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் சறுக்கில் வரிசையில் நின்ற எந்தக் குழந்தையும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

அணைக்குக் கீழே பூங்கா வைக்கும் பழக்கத்துக்கு முன்னோடி மைசூர். கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடியில் 1927-ல் தொடங்கி 1932-ல் முடித்த பிருந்தாவனத் தோட்டம்தான் அந்த ஆசையைப் பலருக்கும் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் வரிசையாக அணைகள் எழுந்தன. பவானிசாகர் 1955, சாத்தனூர் 1958, வைகை 1959. ஒவ்வோர் அணையின் அடியிலும் ஒரு பூங்கா. சம்பளம் வாங்கிய மாதத்தில், பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு சாப்பாட்டு மூட்டையோடு போய்வர ஓர் இடம் வேண்டுமே! டிவி இல்லாத வீடுகளுக்கு அணைப் பூங்காதான் உல்லாசம்.

இன்றும் அது மாறவில்லை. எங்களுக்குப் பக்கத்து மரத்தடியில், வேன் பிடித்து வந்த பெரிய குடும்பம் ஒன்று தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்குப் புடவையில் தூளி கட்டியிருந்தார்கள். அவர்கள் எங்களுக்கு முறுக்கு கொடுத்தார்கள். நாங்கள் புளியோதரை கொடுத்தோம். "யாரு கிளறுனது? எங்க ஆத்தா பக்குவம் மாதிரியே இருக்கே" என்று அந்த வீட்டு அம்மா கேட்டதும் அப்பத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வலது கரையையும் இடது கரையையும் ஒரு தரைப்பாலம் இணைக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைவாகப் போகும் நாளில் அந்தப் பாலத்தில் நின்று அணையைப் பாருங்கள். பெரிய மதகுகள் ஏழும் வரிசையாக, நம் தலைக்கு மேலே தெரியும். வடக்கே கொடைக்கானல் மலை. மேற்கிலும் தெற்கிலும் மேகம் உரசும் மலைத்தொடர். செல்ஃபிக்கு இதைவிட நல்ல இடம் பூங்காவில் இல்லை.

நான் படம் எடுக்கும்போது அப்பத்தா மட்டும் திரும்பி நின்றுகொண்டார். "சுவத்தப் பாத்து நில்லு அப்பத்தா, அப்பத்தான் முகத்துல வெளிச்சம் விழும்" என்றேன். "அந்தச் சுவத்துக்குப் பின்னாலதாண்டி எங்க ஊரு கெடக்கு" என்றார்.

சுவருக்குப் பின்னால்

அணை கட்டியபோது சில ஊர்கள் தண்ணீருக்குள் போனது எனக்குத் தெரியும். கவிஞர் வைரமுத்து பிறந்த மேட்டூர் என்ற கிராமமும் அதில் ஒன்று. அவர் குடும்பம் வடுகபட்டிக்கு இடம்பெயர்ந்தது. அந்த மக்களின் கதைதான் 2003-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. காலி செய்யப்பட்ட கிராமங்கள் பதினான்கு. இதையெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் அப்பத்தாவின் பிறந்த ஊரும் அதற்குள்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் அவர் வாயால் கேட்டேன்.

மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. வீட்டுக் கதவு, நிலை, உத்திரம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றினார்களாம். ஆட்டுக்கல்லையும் ஏற்றினார்களாம். "கிணத்த எப்படி ஏத்துறது? எங்கய்யா ரொம்ப நேரம் கிணத்து மேட்டுலயே உக்காந்திருந்தாரு." சாமியைத் தூக்க முடியாது என்பதால், கோயில் வாசலிலிருந்து பிடிமண் எடுத்துத் துணியில் முடிந்துகொண்டார்கள். புதிதாகப் போன ஊரில் அந்த மண்ணை வைத்துத்தான் கோயில் கட்டினார்கள். இப்போதும் எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கப் போகிற கோயில் அதுதான்!

கல்யாணமாகி ஆண்டிபட்டிக்கு வந்த பிறகு, பிள்ளைகள் அழுததற்காக இரண்டு தடவை அணைக்கு வந்திருக்கிறார். பிறகு வரவே இல்லை.

"கோவமா அப்பத்தா?"

"கோவமெல்லாம் என்னைக்கோ போச்சு. மருதைக்காரன் குடிக்கிறான், கீழ எத்தன ஊரு வெள்ளாமை வைக்குது. அதுல என்ன கோவம்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தண்ணி ரொம்பி நிக்கிறப்ப பாத்தா அழகா இருக்கும்டி. அழகா இருக்குன்னு நானே சொல்லிருவேனோன்னுதான் வாரதில்ல."

அதற்கு என்ன பதில் சொல்வது? என்னிடம் இல்லை.

தண்ணீர் வந்த வழி

அப்பத்தா விட்டுக்கொடுத்த இடத்தில் என்ன தண்ணீர் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வைகை, வருசநாட்டு மலையில் பிறக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஆறு அது. மேற்குப் பக்கம் கேரளாவை நோக்கிப் போன பெரியாற்றுத் தண்ணீரை, பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கிழக்கே திருப்பியது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கும் அந்தத் தண்ணீர், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகையில் வந்து சேர்கிறது.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தண்ணீரைத் தேக்கி வைக்க நடுவில் பெரிய அணை இல்லை. 1959-க்குப் பிறகுதான் இரண்டு ஆறுகளின் தண்ணீரையும் சேர்த்துவைத்து, தேவையான மாதத்தில் திறந்துவிட முடிந்தது. வீட்டில் நெல்லுக்குக் குதிர் மாதிரி, தென்மாவட்டத் தண்ணீருக்கு வைகை அணை. அணை இருக்கும் ஆண்டிபட்டிப் பக்கத்து மேட்டு நிலங்கள் பெரும்பாலும் இன்னும் மழையையும் கிணற்றையும் நம்பித்தான் இருக்கின்றன என்பது வேறு கதை.

பாலத்தில் ஐந்து நிமிடம்

மதியம் அணைப் பக்கத்துக் கடையில் பொரித்த மீன் சாப்பிட்டோம். அணையில் பிடித்த மீனை மசாலா தடவி, கண்ணெதிரிலேயே பொரித்துக் கொடுக்கிறார்கள். பையன் இரண்டு துண்டு சாப்பிட்டான். வீட்டில் ஒரு துண்டுக்கு மேல் தொடமாட்டான்.

திரும்பும்போது அண்ணனிடம் சொல்லி வண்டியை நேராக வீட்டுக்கு விடாமல், தேனி சாலையில் குன்னூர் பக்கம் விடச் சொன்னேன். அங்கே வைகை ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது. அணையின் நீர்ப்பிடிப்பு அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஓரமாக நிறுத்தி இறங்கினோம். சாயங்கால வெயில். தண்ணீருக்கு ஓரத்தில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன.

அப்பத்தா கையை நெற்றியில் வைத்துக் கிழக்கே பார்த்தார். ஓர் இடத்தைக் காட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தைக் காட்டினார். "இங்கிட்டா, அங்கிட்டான்னு சரியாத் தெரியல. அடையாளத்துக்கு இருந்த புளியமரமெல்லாம் உள்ள போயிருச்சே."

பையன் எட்டிப் பார்த்தான். "உங்க ஊருல பார்க் இருந்துச்சா அப்பத்தா?"

"ஊருக்குள்ள எதுக்குடா பார்க்கு? மரமும் கிணறும் ஆடும் மாடும் இருந்துச்சு. நாங்க பூராப் பேரும் அங்கதான் ஆடுனோம்."

"இப்ப மீன் ஆடுதா?"

அப்பத்தா சிரித்துவிட்டார். "ஆமாடா. இப்ப மீனு ஆடுது."

வண்டியில் ஏறும்போது, யாரும் கேட்காமலே அவர் சொன்னார்: "அழகாத்தான் இருக்கு."

நீங்களும் குடும்பத்தோடு வைகை அணைக்குப் போங்கள். குழந்தைகளை ஊஞ்சலில் ஆடவிடுங்கள், மீன் சாப்பிடுங்கள், தரைப்பாலத்தில் நின்று படம் எடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் யாராவது 'நான் வரல' என்று சொன்னால், ஏன் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் அதைக் கேட்க இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எப்படிப் போவது?

* மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். ஆண்டிபட்டியிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில் 7 கிலோமீட்டரில் அணை.

* ரயிலில் வர விரும்புகிறவர்கள் மதுரை–போடி பாதையில் ஆண்டிபட்டியில் இறங்கலாம். அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2022 மே மாதத்திலிருந்து மீண்டும் இந்த வழியில் ஓடுகிறது. ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

* அக்டோபர் முதல் ஜனவரி வரை போனால் பச்சைப் பசேல் என்று இருக்கும். காணும் பொங்கல் போன்ற விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம். காலையிலேயே போய்விடுவது நல்லது.

* அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் ஆற்றில் இறங்க வேண்டாம். தரைப்பாலத்தை மூடியிருந்தால் தாண்டிப் போக முயல வேண்டாம். குழந்தைகளின் கையை விடவே வேண்டாம்.

* வெயிலுக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர், உட்கார ஒரு விரிப்பு. வீட்டுப் புளியோதரை இருந்தால் இன்னும் நல்லது. இலையையும் பிளாஸ்டிக் கவரையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.