ஓடுபாதையில் எழுதுகிறவர்கள்

பராமரிப்புக்காக மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதையை நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் மூடி வைத்திருந்த ஒரு மாசி மாத இரவில், உரிய அனுமதியுடன், வர்ணம் பூசும் தொழிலாளர்களோடு ஜீப்பில் ஏறி நானும் அங்கே போய் இறங்கினேன். விமானத்து ஜன்னல் வழியே அற்பக் கீறல்களாகத் தோன்றும் வெள்ளைப் பட்டைகள், சமீபத்தில் நின்று பார்க்கையில், ஓர் ஆள் குறுக்கே தாராளமாகப் படுத்துக்கொள்ளும் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்டவையாக இருந்தன.

பாதை 45 மீட்டர் அகலமானால் அதன் தலைவாசலில் 12 பட்டைகள், 60 மீட்டரானால் 16. ஆகவே எண்ணிக்கையைக் கொண்டே விமானி அகலத்தை அறிந்துவிடலாம். அடுத்து வருவது எண். காந்த முள் காட்டும் பாகையைப் பத்தால் வகுத்து எழுதுவதால், கிழக்கே கடற்பக்கத்திலிருந்து வந்து இறங்குகிறவருக்கு 25 என்றும், எதிர்முனையில் 07 என்றும் பொறித்திருக்கிறது. இதுவும் சாசுவதமன்று; பூமியின் காந்தப்புலம் மெல்ல இடம் மாறுவதால், லண்டனை அடுத்த ஸ்டான்ஸ்டெட்டில் 05, 23 என்றிருந்த எண்களை 2009-இல் 04, 22 என்று திருத்தி எழுத நேர்ந்தது.

தொழிலாளர்களுக்கு அதிக வேலை வைப்பது, தலைவாசலிலிருந்து 400 மீட்டரில் இருபுறமும் கிடக்கும் இரண்டு தடித்த கட்டங்கள்தாம். இறங்கும் விமானி தம் கண்ணாடியில் அவை அசையாமல் நிற்குமாறு பார்த்துக்கொள்கிறார். கீழே நழுவினால் விமானம் அவற்றைத் தாண்டிப் போகிறது, மேலேறினால் முன்னதாகவே தரை தட்டப் போகிறது என்று பொருள். அதுவரை சுழலாத சக்கரங்கள் அந்தப் பிரதேசத்தில் தரை தொட்டவுடன் தேய்ந்து ரப்பரை அப்பிவிடுவதால், வெள்ளை கறுத்துப்போகிறது. அதைத் தண்ணீரைப் பீய்ச்சி உரித்துவிட்டு, நூல் பிடித்து, மறுபடி பூசி, ஈரம் காயுமுன் விளக்கொளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடித் துகளைத் தூவுகிறார்கள்.

ஆனால், என் அபிப்பிராயத்தில், இவர்களுடைய சிரத்தைக்கு உரைகல் வெள்ளையன்று, மஞ்சள். ஓடுபாதையில் சேரும் கிளைப்பாதையின் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் போடுகிறார்கள்: கிளைப்பாதைப் பக்கம் இரண்டு முழுக்கோடுகள், ஓடுபாதைப் பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போகும் கோடுகள். முழுக்கோட்டை எதிர்கொள்ளும் விமானி கோபுரத்தின் அனுமதியில்லாமல் நகரக்கூடாது. விட்ட கோட்டை எதிர்கொள்பவர் ஓடுபாதையை விட்டு வெளியேறுகிறவராதலால் நில்லாமல் கடக்கலாம்.

"கோடு கொஞ்சம் மங்கினாக்கூடப் பரவாயில்ல சார், பக்கம் மாறிடக் கூடாது," என்றார் மேஸ்திரி, நூலைச் சுருட்டியபடியே. "நிக்க வேண்டியவரு போயிடுவாரு, போக வேண்டியவரு நின்னுடுவாரு."

நேரம் நெருங்கவே, தூரிகைகள், ஆணிகள், டப்பாக்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி வண்டியில் ஏற்றினார்கள். அற்பமான ஓர் ஆணியும் என்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டால் விபரீதமாகுமாம். ஒரு டப்பாவின் மூடி குறைந்தது. டார்ச் விளக்குகளோடு எல்லோரும் குனிந்து தேடியதில், ஜீப்பின் பின்சக்கரத்தடியிலேயே அது நசுங்கிக் கிடந்தது. மேஸ்திரி அதை எடுத்து எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்ட பிறகே, பாதை காலியாகிவிட்டதென்று அதிகாரி கோபுரத்துக்கு வயர்லெஸ்ஸில் தெரிவித்தார்.